கேப்டன் வீட்டு மருமகளும் ஒரு ட்ரே ஃப்ரைஸும்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர்களில் பெரும்பாலோர் கத்துவார்கள். "பிரேக்! பிரேக்!" என்று அவர்கள் போடும் கூச்சலில், கற்றுக்கொள்ள வந்தவருக்குத் தனக்குக் கால் இருப்பதே மறந்துபோகும். இவள் கத்த மாட்டாள். பக்கத்து இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, ஜன்னல் வழியாகக் கடைப் பலகைகளை வாசித்துக்கொண்டு வருவாள். பார்க்கிறவர்களுக்கு, இந்தம்மா பாடம் நடத்த வந்தாளா ஊர் சுற்ற வந்தாளா என்று தோன்றும். ஆனால் பயிற்சி வண்டியில் அவள் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அவள் கால் அதன்மேல் எலிவளைக்கு முன்னால் உட்கார்ந்த பூனை மாதிரி காத்துக்கொண்டிருக்கும். சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கால் ஒருநாளும் தப்பான நேரத்தில் அழுத்தியதில்லை.

கேக் கடைக்காரம்மா ஒருத்தி அவளிடம் படித்தாள். கேக்கின்மேல் க்ரீமால் எறும்பு அளவில் பெயர் எழுதுகிற கை அது. ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அந்தக் கை வெடவெடவென்று ஆட ஆரம்பித்துவிடும்.

"டீச்சர், என் கை நடுங்குது பாருங்க!"

"நான் பார்க்கலம்மா. நீங்களும் பார்க்காதீங்க. அதோ அந்த மஞ்சள் கட்டடம் தெரியுதா? நாம அங்கதான் போறோம். அதைப் பாருங்க, கை தானா வரும்."

"நிஜமாவே நீங்க பார்க்கலையா?"

"அந்தச் செருப்புக் கடையில பாதிக்குப் பாதி தள்ளுபடின்னு போட்டிருக்கான். நான் அதைப் பார்த்துட்டிருக்கேன்."

அவ்வளவுதான் அவள் வித்தை. நடுங்குகிற கையைப் பார்த்தால் இன்னும் நடுங்கும். நாலு பேர் சேர்ந்து பார்த்தால் கேட்கவே வேண்டாம். வருஷக்கணக்காக நடுங்குகிற கைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்குத் தெரிந்துபோன சங்கதி இது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் அவள் வீட்டிலேயே ஒருநாள் ஒரு கை நடுங்கத் தொடங்கியது. அப்போது ஒரு தடவை இதை அவளே மறந்துபோனாள்.

வீட்டில் மூன்று பேர். அவள், அவள் புருஷன், மாமனார். புருஷன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். ஊரார் கண்ணையெல்லாம் பார்ப்பான். வீட்டில் தன் மூக்குக்கு முன்னால் நடப்பது மட்டும் அவனுக்குக் கடைசியாகத்தான் தெரியவரும். நல்லவன், பாவம். மாமனார் ஒரு பெரிய ஹோட்டலில் பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வேலைக்கு அங்கே கேப்டன் என்று பெயர். ஓய்வு பெற்றும் பட்டம் போகவில்லை. தெருவில் காய்கறி விற்கிறவர்கூட அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்.

கேப்டனின் இடது கை ஒரு அலமாரி. நாலு தட்டை ஒரே கையில் அடுக்கிக்கொண்டு, வலது கையால் கதவைத் திறந்துகொண்டு, போகிற போக்கில் ஒரு விருந்தாளியின் குழந்தைக்கு வணக்கமும் சொல்லிவிட்டுப் போவாராம். ஒருமுறை நிறைந்த ஹாலில், அவர் கையில் சூப் கிண்ணங்கள் இருக்கும்போது மின்சாரம் போய்விட்டது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, விளக்கு திரும்பி வந்தபோது ஒவ்வொருவர் முன்னாலும் சூப் இருந்ததாம். மேசைவிரிப்பில் ஒரு பொட்டு கிடையாது. இந்தக் கதையில் ஒவ்வொரு வருஷமும் விருந்தாளிகள் பெருகிக்கொண்டே வருவார்கள். பெருகட்டுமே, யார் வீட்டுச் சூப்?

வீட்டிலும் அப்படித்தான். மனைவி இறந்த பிறகும் அவர் வழக்கத்தை விடவில்லை. தட்டின் ஓரத்தை ஈரத்துணியால் ஒரு சுற்றுத் துடைக்காமல் எதுவும் சமையலறையை விட்டு வெளியே வராது. பரிமாறினால் இடப்பக்கம் வந்துதான் பரிமாறுவார். வெறும் ரொட்டியும் முட்டையும் ஆனாலும் முள்கரண்டி ஒரு பக்கம், கத்தி ஒரு பக்கம், நடுவில் மடித்த கைத்துணி. "சாப்பாடு பாதி ருசி நாக்குல, பாதி மேசையில" என்பார்.

இப்படிப்பட்ட மனுஷர் வீட்டுக்கு வந்து வாய்த்த மருமகளுக்குச் சமையலில் கைவந்தது ஒன்றே ஒன்று: ஃப்ரைஸ். அதுவும் வெறும் ஃப்ரைஸ் இல்லை. பொரித்த உருளைக்கிழங்கை ட்ரேயில் கொட்டி, மேலே சீஸ் சாஸை ஊற்றி, வதக்கிய வெங்காயம், நேற்றைய கோழி, தக்காளி, மிளகாய் என்று ஃப்ரிட்ஜில் அநாதையாகக் கிடக்கிற எல்லாவற்றுக்கும் அதில் அடைக்கலம் கொடுத்து, ஓவனில் வைத்துக் கொதிக்கக் கொதிக்க எடுப்பாள். வேலையில் நாள் மோசமாகப் போனால் இதுதான் அவளுக்கு மருந்து. அடுப்படியில் நின்றபடியே, கையால் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிடுவாள். பாதிக்குமேல் போனதும் முகம் தெளிந்துவிடும்.

முதல்முறை அந்த ட்ரேயைப் பார்த்தபோது கேப்டன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இது சாப்பாடா, ஆக்சிடென்ட்டா?"

"இன்சூரன்ஸ் இருக்கு மாமா, தைரியமா சாப்பிடுங்க."

அவர் சாப்பிடவில்லை. ஆனால் சிரித்தார். அந்த வீட்டில் மாமனார் மருமகள் உறவு அப்படிப்பட்டது. அவள் டிரைவிங் ஸ்கூல் ஆரம்பித்த புதிதில், பெண்பிள்ளையிடம் வண்டி படிப்பதா என்று ஒருத்தரும் வரவில்லை. வாரக்கணக்கில் வண்டி வாசலில் சும்மா நின்றது. ஒருநாள் காலையில் கேப்டன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, தலை நரைத்த வயதில், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். "ஆரம்பிம்மா" என்றார். கூட்டமான நேரமாகப் பார்த்துக் கடைத்தெருவை மூன்று நாலு சுற்றுச் சுற்றினார், எல்லோரும் பார்க்கட்டும் என்று. அப்போதுதான் அவள், "ஸ்டியரிங்கைப் பார்க்காதீங்க மாமா, போற இடத்தைப் பாருங்க" என்றாள். அவர் ஹோவென்று சிரித்துவிட்டார். "அடிப்பாவி! இது என் பாட்டாச்சே! புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு நான் சொல்றது இது. சூப்பைப் பார்க்காதே, மேசையைப் பாரு. சூப்பைப் பார்த்தவன் எவனும் சிந்தாம கொண்டுபோனது கிடையாது." அவர் பாஸானார். அதற்கப்புறம் ஊரும் வந்தது. அந்த நன்றி அவளுக்கு வாய் திறந்து சொல்லத் தெரியாத நன்றி.

அப்படிப்பட்ட கேப்டனின் கைக்குத்தான் நடுக்கம் வந்தது.

முதலில் தேநீர்க் கோப்பை சாசரில் கிடுகிடுத்தது. பிறகு சட்டைப் பொத்தான். டாக்டர், "இதனால உயிருக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா இது போகவும் போகாது. மாத்திரை கொஞ்சம் அடக்கும். ஒரு பொருளைத் தூக்கும்போது அதிகமா இருக்கும், பதற்றப்பட்டா இன்னும் அதிகமாகும்" என்றார். கேப்டன் தலையாட்டிவிட்டு வந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மாதிரி, கையைச் சட்டைப்பைக்குள் போட்டு மறைக்கப் பார்த்தார்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவருடைய மகள், நம் டீச்சரின் நாத்தனார், சாப்பிட வந்திருந்தாள். கேப்டன் ஸ்பூனில் சூப்பை எடுத்தார். கிண்ணத்திலிருந்து வாய்க்குப் போகிற வழியில் பாதி சட்டையில், மீதி மேசைவிரிப்பில். மேசையில் இருந்த எல்லோரும் அவர் கையைப் பார்த்தார்கள். அது ஒரு கொடுமை. உடனே எல்லோரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள். அது அதைவிடக் கொடுமை. யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். கேப்டன் மெதுவாக எழுந்து, தன் கைத்துணியால் தானே விரிப்பைத் துடைத்தார். துடைக்கத் துடைக்கக் கறை பெரிதாயிற்று.

மறுநாளிலிருந்து அவர் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கேட்டால், "நியூஸ் பார்க்கணும்" என்பார். அந்த அறையில் டிவியே கிடையாது.

தட்டு திரும்பி வரும்போது டீச்சர் கவனித்தாள். ரொட்டி மட்டும் காலியாகியிருக்கும். குழம்பாக, கஞ்சியாக, தளதளவென்று இருப்பது எதுவும் தொட்டபாடில்லை. சிந்தாததை மட்டும் அவர் சாப்பிட்டார். உலகத்தில் சிந்தாத சாப்பாடு எவ்வளவு இருக்கிறது? பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டார். கன்னம் ஒட்டிப்போனது. மேசையில் அவர் நாற்காலி காலியாக இருக்க, புருஷனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து, எதைத் தின்கிறோம் என்று தெரியாமல் தின்றார்கள்.

இப்போது பாருங்கள் வேடிக்கையை. அவரவர்க்கு அவரவர் தொழில் புத்தி. மகன் என்ன செய்தான்? "வெளிச்சம் பத்தலையோ என்னவோ" என்று மேசைக்கு மேலே இருந்த பல்பைக் கழற்றிவிட்டு, கடையில் கண் பரிசோதிக்கிற அறைக்கு வாங்குகிற பல்பாகப் பார்த்துப் போட்டான். மேசையில் ஊசி விழுந்தாலும் பளிச்சென்று தெரிந்தது. கேப்டன் கதவு வழியாக அந்த வெளிச்சத்தைப் பார்த்தார். கதவை இன்னும் கொஞ்சம் இறுக்கிச் சாத்தினார்.

மகள் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறவள். அப்பாமேல் உயிரையே வைத்திருக்கிறவள். கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்பார்களே, அந்த ரகம். அடுத்த ஞாயிறு அவள் மூக்கு வைத்த மூடிபோட்ட கோப்பை ஒன்றும், கழுத்தில் கட்டுகிற பெரிய துணி ஒன்றும் கொண்டுவந்தாள். துணியில் வாத்துப் படம்.

"கட்டிக்கோங்கப்பா. நானே ஊட்டி விடறேன். எங்க காப்பகத்துல இருபது பேருக்கு ஊட்டுறேன், உங்களுக்கு ஊட்ட மாட்டேனா?"

கேப்டன் வாத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். "எனக்குப் பசிக்கலைம்மா" என்றார். கதவு சாத்திக்கொண்டது.

அழுகையை அடக்கிக்கொண்டு நாத்தனார் டீச்சரின்மேல் பாய்ந்தாள். "நீ என்னதான் பண்றே? அப்பா உன் கண்ணு முன்னாடி கரைஞ்சு போறாரு. நீ அவரை ஏறெடுத்துக்கூடப் பார்க்கறதில்ல. நானும் பார்த்துட்டுத்தானே இருக்கேன்! அவர் கோப்பையைத் தூக்கும்போதெல்லாம் நீ ஜன்னலைப் பார்க்கறே."

"அக்கா, அது அப்படி இல்ல..."

"எனக்கு விளக்கம் வேண்டாம். வர்ற ஞாயித்துக்கிழமை நான் பையோட வர்றேன். அப்பா இந்த மேசையில உட்கார்ந்து வயிறார சாப்பிட்டாருன்னா சரி. இல்லேன்னா துணிமணியை எடுத்துவெச்சுக் கையோட கூட்டிட்டுப் போயிடுவேன். அங்க நான் ஊட்டுவேன், அவர் சாப்பிடுவாரு."

புருஷன் அக்காவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், பல்பைப் பார்த்தான்.

வாத்துத் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கேப்டனை டீச்சரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அந்த மனுஷர் போய்விட்டால் வீட்டில் வெறும் நாற்காலியும் பல்பும்தான் மிஞ்சும்.

பதற்றத்தில் அவளும் சறுக்கினாள். மறுநாள் மாலை, சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கின ரொட்டி, சீஸ், கோழி, ஒவ்வொன்றிலும் பல்குச்சி குத்தி, சிந்தவே முடியாதபடி ஒரு தட்டில் அடுக்கினாள். ஓரத்தைக்கூடத் துடைத்தாள். கதவைத் தட்டி நீட்டினாள். கேப்டன் ஒரு பார்வை பார்த்தார். பெரிய பெரிய மனுஷர்களின் மனசைத் தட்டை வைக்கும் முன்னாலேயே படித்தவர் அவர்.

"எனக்குன்னு தனியா ஒண்ணும் செய்யாதேம்மா" என்றார். கோபமில்லை. அதுதான் அவளைக் குத்தியது.

அவள் சமையலறைக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டாள். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். இங்கே வாத்தியாரம்மாவே மக்கு! ஊரெல்லாம் கையைப் பார்க்காதே என்று சொல்லிவிட்டு, அவள் செய்தது என்ன? அந்தக் கையை முறைத்துப் பார்த்து, அளவெடுத்து, அதற்கென்று ஒரு சாப்பாடு தைத்துக் கொடுத்திருக்கிறாள். ஒவ்வொரு பல்குச்சியும், "உங்களால் முடியாது, உங்களால் முடியாது" என்று சொல்லிக்கொண்டு நிற்கிறது. நாத்தனாரின் வாத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வெறுப்பில் அந்தத் துண்டுகளையெல்லாம் அவளே தின்று தீர்த்தாள். போதவில்லை. உருளைக்கிழங்கை எடுத்துத் தோல் சீவ ஆரம்பித்தாள். சீவும்போதுதான் அவளுக்கு அது தட்டுப்பட்டது. தன் ஃப்ரைஸை இதுவரை யாரும் சுத்தமாகச் சாப்பிட்டதே இல்லை. அவள் புருஷன், ஒன்றும் நடுங்காத வாலிபன், சட்டையில் சாஸ் படாமல் எழுந்ததே இல்லை. அவள் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புருஷனிடம்கூடச் சொல்லவில்லை, அவன் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஞாயிறு வந்தது. நாத்தனாரும் வந்தாள், சொன்னபடியே ஒரு பெரிய காலிப் பையோடு. அதை வாசல் கதவோரம், எல்லோர் கண்ணிலும் படுகிற இடமாகப் பார்த்து வைத்தாள்.

டீச்சர் காலையிலேயே வேலையைத் தொடங்கியிருந்தாள். கிழங்கை விரல் பருமனுக்கு நறுக்கி, மாவுத்தண்ணீர் போகும்வரை அலசி, குளிர்ந்த தண்ணீரில் ஊறப்போட்டாள். வடித்து, துணியில் பரப்பி, ஒவ்வொன்றாகத் துடைத்தாள். ஈரம் இருந்தால் எண்ணெய் மூஞ்சியில் தெறிக்கும். முதலில் மிதமான சூட்டில் வெளுப்பாக வேகவைத்து எடுத்து ஆறவிட்டாள். பிறகு நல்ல சூட்டில் இரண்டாம் முறை. மொறுமொறுப்பு அதில்தான் இருக்கிறது. சூடு ஆறும் முன்னே உப்புத் தூவி, அகலமான பாத்திரத்தில் போட்டுக் குலுக்கினாள். இன்னொரு அடுப்பில் வெண்ணெயை உருக்கி, மாவை வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறி, சீஸைத் துருவிப் போட்டாள். வழக்கத்தைவிட ஒரு மடங்கு தாராளமாகச் சாஸ். கோழி, வெங்காயம், தக்காளி, மிளகாய், அதற்குமேல் இன்னும் சீஸ். ஓவனிலிருந்து எடுத்தபோது ட்ரே எரிமலை மாதிரி குமிழியிட்டது.

அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்திருந்தாள். நாற்காலிமேல் ஏறி, அந்தப் பொல்லாத பல்பைக் கழற்றிவிட்டு, பழைய மஞ்சள் பல்பைப் போட்டிருந்தாள்.

ட்ரேயை அப்படியே மேசை நடுவில் வைத்தாள். தட்டு இல்லை, கரண்டி இல்லை.

"தட்டு எங்கே?" என்றாள் நாத்தனார்.

"எல்லாம் கழுவாம கிடக்கு அக்கா. கையிலேயே எடுங்க."

"அப்பாவைக் கூப்பிடலையா?"

"இல்ல."

நாத்தனாருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனால் வாசனை அதைவிட வேகமாக ஏறியது. ஒன்றை மட்டும் எடுத்துப் பார்ப்போம் என்று இழுத்தாள். ஒன்று வரவில்லை, ஒன்பது வந்தது. அவற்றோடு ஒரு முழ நீளத்துக்குச் சீஸ் நூலாக வந்தது. அதை அறுக்க அவள் கையை உயரத் தூக்க, தக்காளித் துண்டு ஒன்று வழுக்கி, அவள் புதுச் சட்டையின் மார்பில் நேராகப் போய் உட்கார்ந்தது. அவள் தம்பி சிரித்தான். சிரித்த வாயிலிருந்து அவன் முகவாய்க்குச் சாஸ் இறங்கியது. "உன் மூஞ்சியைக் கண்ணாடியில பாருடா கண்ணாடிக்காரா!" என்று அவளும் சிரித்துவிட்டாள். அந்த வீட்டு மேசையில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ நாளாயிற்று.

அறைக் கதவு ஒரு விரற்கடை திறந்தது. டீச்சர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் விடுவதை வெகு அக்கறையாகப் பார்த்தாள்.

கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது. கேப்டன் வந்து நின்றார்.

"என்ன இது கண்றாவி? தட்டு எங்கே? ஃபோர்க் எங்கே? மேசைவிரிப்பு எங்கே?"

"இன்னைக்கு எதுவும் இல்ல மாமா" என்றாள், எதிர்வீட்டுச் செடியைப் பார்த்துக்கொண்டே.

"ஒரு மனுஷன் ரெண்டு நாள் கண்ணை மூடினா போதும், வீடு சந்தைக்கடையா ஆயிடும்" என்று முனகிக்கொண்டு, இந்த அநியாயத்தை மேற்பார்வை பார்க்கிற தோரணையில் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மேற்பார்வை பார்த்தார். பசித்தவன் எவ்வளவு நேரம் மேற்பார்வை பார்க்க முடியும்? கை சட்டைப்பையிலிருந்து வெளியே வந்தது. நடுங்கிக்கொண்டே ட்ரேக்குப் போனது. ஒரு கொத்தைப் பிடித்தது.

நாத்தனாரின் கண் அந்தக் கையை நோக்கித் திரும்பியது. "அப்பா, பார்த்..." என்று வாய் திறந்தது. மேசைக்கு அடியில் டீச்சரின் கால் நாத்தனாரின் காலை ஒரே அழுத்தாக அழுத்தியது. தொழில் செய்து பழகின கால், லேசாகவா அழுத்தும்? நாத்தனார் "ஆ!" என்றாள்.

"மிளகாயா?" என்றார் கேப்டன்.

நாத்தனார் டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கணத்தில்தான் நாத்தனாருக்கு உறைத்தது. இவள் இத்தனை நாளாக ஏன் ஜன்னலைப் பார்த்தாள் என்று இப்போது புரிந்தது.

"ஆமாப்பா. ரொம்பக் காரம்" என்று சொல்லிவிட்டு அவளும் ஜன்னலைப் பார்த்தாள். கண் கலங்கியதற்கு மிளகாய் பழியை ஏற்றுக்கொண்டது.

கேப்டன் சாப்பிட்டார். ஒரு கொத்தில் பாதி வாய்க்குப் போனது, கொஞ்சம் முகவாய்க்குப் போனது, ஒரு வெங்காயம் மடியில் விழுந்தது. யார் பார்த்தது? அவரவர்க்கு அவரவர் முகவாயே பெரும்பாடாக இருந்தது. மகன் மடியில் அவர் மடியைவிட அதிகம் கிடந்தது. அந்த மேசையில் சிந்தாதவர் என்று ஒருத்தரும் இல்லை. அவர் மறுபடி கையை நீட்டினார். மறுபடியும். ட்ரேயின் அடி தெரிந்தபோது, மூலையில் கருகி ஒட்டியிருந்த சீஸை மகன் எடுக்கப் போக, "டேய், மூலை எனக்கு" என்றார்.

நாத்தனார் எழுந்து, தன் கைப்பையிலிருந்து அந்த வாத்துத் துணியை எடுத்தாள். டீச்சர் ஜன்னலை விட்டுச் சட்டென்று திரும்பினாள். எவ்வளவு தூரம் வந்துவிட்டு, இப்போது போய்...

நாத்தனார் அதைத் தன் கழுத்திலேயே கட்டிக்கொண்டாள். "என் சட்டை போச்சு. இன்னும் இருக்கா இது?" என்றாள்.

இருந்தது. பொரிக்க இன்னொரு பங்கு கிழங்கு தயாராகவே இருந்தது. டீச்சர் சமையலறைக்குப் போய் எண்ணெயைச் சூடாக்கினாள். பொரித்து எடுத்து, பாத்திரத்தில் போட்டு, உப்பைத் தூவினாள். பின்னால் காலடிச் சத்தம். கேப்டன்.

"என்ன பண்ணப்போறே?"

"குலுக்கணும் மாமா. உப்பு எல்லாத்துலயும் படணும்ல."

கேப்டன் பாத்திரத்தைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் நீட்டினார். "குலுக்கத்தானே வேணும்? கொடு இங்கே. அதுக்குன்னே ஒரு கை இந்த வீட்டுல சம்பளமில்லாம சும்மா கிடக்குது."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எத்தனையோ நாளாகச் சட்டைப்பைக்குள் ஒளித்த கையைப் பற்றி அவர் வாயாலேயே வந்த முதல் பேச்சு அது. பாத்திரத்தைக் கொடுத்தாள். அவர் குலுக்கினார், உப்பு எல்லாவற்றிலும் பட்டது. அவள் ட்ரேயில் பரப்பி, சாஸை ஊற்றி, மிச்சமிருந்த அநாதைகளையெல்லாம் மேலே போட்டு, ஓவனில் வைத்து எடுத்தாள்.

"நில்லு" என்றார் கேப்டன். ஈரத்துணியை எடுத்தார். நாலு ஓரமும் சாஸ் வழிந்து கிடந்த அந்த ட்ரேயின் விளிம்பை, சூட்டுக்குத் துணியை மடித்துக்கொண்டு, மெல்ல, ஒரு சுற்றுத் துடைத்தார். கை நடுங்கியது. துணி நடுங்கியது. ஆனால் ஒரு மூலைகூட விடாமல் துடைத்தார். ஊரில் எந்தக் கையையும் பார்க்காத டீச்சர், தன்னை மறந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா கையைப் பார்க்கறே?" என்றார் கேப்டன், தலை நிமிராமல். "ரோட்டைப் பாரு."

கனமான கையுறைகளை மாட்டிக்கொண்டு, ட்ரேயை இரண்டு கையாலும் தூக்கினார். அவள் வழிவிட்டு ஒதுங்கினாள். ட்ரே ஆடியது. ஆனால் உருகின சீஸ் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு சீக்கிரம் எதையும் விடாது அது. கேப்டன் ட்ரேயைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தபடி நடந்தார், நிறைந்த ஹாலில் நடந்த அதே நடை. நிலைப்படி தாண்டும்போது ஒரு தக்காளித் துண்டு சரிந்து தரையில் விழுந்தது. அவருக்குத் தெரியவில்லை, தெரிந்திருந்தாலும் நின்றிருக்க மாட்டார்.

மகள் அந்தத் தக்காளியைப் பார்த்தாள். இந்தத் தடவை மேசைக்கு அடியில் பிரேக் போட ஆள் இல்லை.

"சீக்கிரம் கொண்டு வாங்கப்பா" என்றாள், வாத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு. "ஆறின கஞ்சி பழங்கஞ்சி."

கேப்டன் மேசையைச் சுற்றி அவளுடைய இடப்பக்கமாக வந்து, ட்ரேயை இறக்கி வைத்தார். நிமிரும்போது அவர் கண் வாசல் பக்கம் போயிற்று.

"அது என்னம்மா அவ்வளவு பெரிய பை?"

மகள் நாற்காலியிலிருந்து எழுந்து போய், அந்தப் பையை மடித்துச் சின்னதாக்கித் தன் கைப்பைக்குள் திணித்தாள்.

"ஒண்ணுமில்லப்பா, காலிப் பை" என்றாள்.